பூனைக்கண்ணர் ஏறிய குதிரைகள்

போன ஞாயிற்றுக்கிழமை சின்னவள் தன் போனைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "அய்யா, பூனைக்கண்ணர் பூனைக்கண்ணர்னு சொல்லுவீங்கள்ல, இந்த ஆளான்னு பாருங்க."

அவரேதான், அந்தக் கால இங்கிலீஷ் பட நடிகர். அதே தொப்பி, கழுத்தில் முடிச்சுப் போட்ட கைக்குட்டை, வெயிலுக்குச் சுருங்கிய வெளிறிய கண்கள். மணல்மேட்டில் குதிரையில் பறந்து வருகிறார். குதிரை தலைகுப்புற விழுகிறது. இவர் உருண்டு எழுந்து, சுட்டபடியே முன்னால் ஓடுகிறார். கேமரா அவர் பின்னாலேயே போய்விடுகிறது.

"அந்தக் குதிரை என்னாச்சுய்யா? எந்திரிச்சுதா?" என்று கேட்டாள்.

நான் போனை அணைத்துக் கொடுத்துவிட்டு வெளியே போய் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். காலையில்தான் துடைத்திருந்தேன். குவைத்திலிருந்து வீடியோவில் வந்த மூத்தவனிடம், "அய்யா சினிமா பாத்து கண்ணு கலங்கிட்டாரு" என்று அவள் சொல்லிச் சிரித்தது காதில் விழுந்தது. உங்கள் இரண்டு பேருக்குமாகத்தான் இதை எழுதுகிறேன். நேரில் சொல்ல வாய் வரவில்லை. எட்டாவதோடு நின்ற கை இது, பிழை இருந்தால் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

அன்று ராத்திரி அந்தப் போன் படத்தை முழுசாகப் போடச் சொல்லிப் பார்த்தேன், அதில் அவருடைய வாழ்க்கையையே சொன்னார்கள். இங்கிலீஷை அவள்தான் எனக்குத் தமிழாக்கினாள். மழை பொய்த்த ஊரில் பிறந்தாராம். சின்ன வயதில் வீட்டைவிட்டு ஓடி, மாடு மேய்க்கும் பண்ணையில் சேர்ந்திருக்கிறார். சினிமாவில் அவருக்குக் கிடைத்த முதல் வேலை விழுவது. பெரிய நடிகருக்குப் பதிலாக இவர் குதிரையோடு விழுவார். தோள் எலும்பு, விலா எலும்பு, இடுப்பு என்று ஒன்றும் மிஞ்சவில்லை. ஒவ்வொரு முறையும் எழுந்து நின்றதைப் பார்த்து யாரோ ஒரு டைரக்டர், இவனே கதாநாயகனாக இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறார். பிறகு வருசக்கணக்காகத் தொப்பியும் துப்பாக்கியும்தான். அப்புறம் ஜனங்களுக்கு அந்தப் படங்கள் சலித்துவிட்டன. கடைசிக் காலத்தில் சோப்பு விளம்பரத்தில் நடித்து, இடுப்பு தேய்ந்து, ஒரு அறையில் தனியாகப் படுத்துச் செத்தாராம்.

எங்களுக்கு அவர் பெயரைச் சொன்னால் நாக்குச் சுளுக்கிக்கொள்ளும். அதனால் பூனைக்கண்ணர். மரியாதை விகுதியைச் சேர்த்தவன் என் கூட்டாளி காதர்.

உங்கள் அம்மா கொள்ளு ரசம் வைக்கும் நாளில் நான் சாப்பிடாமல் எழுந்து போவது உங்களுக்குத் தெரியும். தொப்பையைக் குறைக்கச் சொன்னால் வீம்பு பிடிக்கிறேன் என்று திட்டுவாள். வீம்பு இல்லை. கொள்ளு வெந்தால் எனக்கு ராமேஸ்வரம் ஸ்டேஷன் வாசல் வந்துவிடும். ஒரு பெரிய சட்டியில் கொள்ளு கொதிக்க, வண்டிகளை வரிசையாக நிறுத்திவிட்டு காலை ரயிலுக்குக் காத்திருப்போம். கோயிலுக்கு வரும் வடக்கத்திக்காரர்களை ஏற்றிக்கொண்டு போகும் குதிரை வண்டிகள். நான் ஓட்டியது முதலாளியின் வண்டி. காதர் ஓட்டியது அவனுடைய சொந்த வண்டி, சொந்தக் குதிரை. செம்பழுப்பு நிறப் பெண்குதிரை. பெயர் பேகம். அவன் புதுமடத்துக்காரன். வாப்பா கடலுக்குப் போனவர், பிள்ளைக்குக் கடல் ஒத்துவரவில்லை. தோணியில் ஏறினால் வாந்தி. "அல்லா எனக்குக் கரையில போறதுக்குன்னு ஒரு தோணி குடுத்துருக்கான்லே" என்று பேகத்தின் முதுகைத் தட்டுவான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயில் சவாரி முடிந்ததும் நேரே கொட்டகைக்குப் போவோம். இங்கிலீஷ் படம், பாதி விலை. பூனைக்கண்ணர் படம் என்றால் காதர் முன் வரிசையில் உட்கார்ந்து கழுத்து வலிக்கப் பார்ப்பான். அவர் ஏறும் குதிரைக்கு நெற்றியில் வெள்ளையாக ஒரு சுழி இருக்கும். படத்துக்குப் படம் அது வரும், படத்துக்குப் படம் விழும். "பாத்தியா, போன படத்துல விழுந்துச்சு, இந்தப் படத்துல ஓடுது. அதுக்கும் அவரைப் போல கெட்டி உசிரு" என்பான். எனக்குக் குதிரை மேல் கவனம் இல்லை. எனக்கு அந்தத் தொப்பி வேண்டும்.

அப்போதுதான் மெட்ராஸிலிருந்து ஒரு சினிமா கம்பெனி தனுஷ்கோடி மணலுக்கு வந்து இறங்கியது. பாலைவனத்தில் குதிரைச் சண்டை எடுக்க அந்த மணல் போதும் என்று வந்திருந்தார்கள். ஆறு குதிரைகளை லாரியில் கொண்டுவந்திருந்தார்கள். போதாது, உள்ளூர்க் குதிரையும் ஆளும் வேண்டும் என்றார்கள். நாங்கள் இரண்டு பேரும் முதல் ஆளாகப் போய் நின்றோம். எனக்குக் கும்பலில் பின்னால் ஓட்டிவரும் வேலை, அட்டையில் செய்து சாயம் பூசிய தொப்பியோடு. காதருக்கு விழும் வேலை.

எப்படி விழவைப்பார்கள் என்று சொல்லிவிடுகிறேன். குதிரையின் முன்னங்கால் இரண்டிலும் தோல்பட்டை கட்டி, அதில் மெல்லிய கம்பியைக் கோர்ப்பார்கள். கம்பியின் மறு முனை மணலுக்குள் புதைத்த கட்டையில் இருக்கும். குதிரை முழு வேகத்தில் ஓடும். கம்பியின் நீளம் தீர்ந்ததும் கால் இரண்டையும் இழுத்துவிடும்.

விழும் காட்சிக்கு முந்தின நாள் காலை அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தபோது, மெட்ராஸ் குதிரைகளோடு வந்த பெரியவர் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். தன் குதிரைகளை ஏன் அந்த ஷாட்டுக்கு விடவில்லை என்று கேட்டேன்.

"கம்பி கட்டுற ஷாட்டுக்கு நாங்க தரமாட்டோம் தம்பி. கால் போயிடும். அதான் உள்ளூர்ல தேடுனாங்க" என்றார். சர்க்கரை போதவில்லை என்பதுபோல் சாதாரணமாகச் சொன்னார்.

டீயைக் குடித்து முடித்தேன். காதர் பத்தடி தள்ளி நின்று பேகத்துக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் பின்வாங்குவான், அந்த ஷாட் போய்விடும், ஷாட் போனால் என் தொப்பியும் போகும். இதுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் இருந்தால் எழுதியிருப்பேன், பிள்ளைகளே. இல்லை.

மறுநாள் அவன் பேகத்தின் பிடரியைச் சீவி, குளம்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக் கொண்டுவந்தான். கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை.

"ஏலே மாப்ள, எப்பிடி இருக்கேன்?"

"கழுதை மேல ஏறுன கவர்னர் மாதிரி இருக்க."

"பேகத்தைக் கழுதைங்கிறியா? இந்தா, அதுட்ட மன்னிப்புக் கேளு."

நானும் சிரித்துக்கொண்டே அதன் நெற்றியைத் தடவி மன்னிப்புக் கேட்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

விழுந்ததும் எழுந்து முன்னால் ஓடு, 'கட்' சொல்லும் வரை திரும்பிப் பார்க்காதே என்று சண்டைப் பயிற்சிக்காரர் அவனுக்குச் சொல்லியிருந்தார். அவன் அப்படியே செய்தான். உருண்டான், எழுந்தான், கையில் மரத்துப்பாக்கியோடு ஓடினான். கேமரா அவனோடு போனது. பின்னால் வந்த எங்களுக்குத்தான் எல்லாம் தெரிந்தது. முதலில் ஒரு சத்தம். அப்புறம் பேகம் எழப் பார்த்தது, மூன்று தடவை. மூன்றாம் தடவை முன்னங்கால் பக்கவாட்டில் மடங்கியது. 'கட்' என்றார்கள். காதர் முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினான்.

ராமநாதபுரத்திலிருந்து கால்நடை டாக்டர் வந்து சேர உச்சிப்பொழுது தாண்டிவிட்டது. அதுவரை அவன் வெறும் மணலில் உட்கார்ந்து, அதன் கண்ணில் வெயில் படாமல் தன் தொப்பியைப் பிடித்துக்கொண்டிருந்தான். டாக்டர் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டி ஊசியைப் போட்டார். லைட் தூக்குகிற ஆட்கள் குழி தோண்டினார்கள். மாலையில் அதே மணலில் வேறொரு காட்சி எடுத்தார்கள். படம் வந்தபோது போய்ப் பார்த்தேன். காதர் ஓடுகிறான். அவனுக்குப் பின்னால் கண் சிமிட்டும் நேரத்துக்கு ஒரு தொப்பி. அது என்னுடையதா என்று பார்க்க, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இரண்டாம் தடவையும் போனேன்.

காதர் வண்டியை விற்றுவிட்டு சவுதிக்குப் போனான். கிளம்பும்போது, "எனக்குன்னு ஒருத்தன் நீதாம்லே" என்று கட்டிப்பிடித்தான். அப்போதும் நான் சொல்லவில்லை. அவன் திரும்பிவந்து புதுமடத்தில் குடியேறின பிறகு, கல்யாண வீடுகளில் பார்த்தால் அவசரமாகச் சாப்பிட்டுக் கிளம்பிவிடுவேன்.

சின்னவள் கேட்ட கேள்விக்குப் பிறகு தூக்கம் பிடிக்கவில்லை. புதன்கிழமை ஆட்டோவை எடுத்துக்கொண்டு புதுமடம் போனேன். காதர் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். தாடி முழுக்க வெள்ளை.

"காதரு, அந்தக் கம்பி காலை முறிச்சுரும்னு எனக்கு முந்துன நாளே தெரியும்டா. அந்த மெட்ராஸ்காரப் பெரியவர் சொன்னாரு. நான் ஒங்கிட்டச் சொல்லல."

திட்டுவான், அடிப்பான் என்று காத்திருந்தேன்.

"எங்கிட்டயுந்தாம்லே சொன்னாரு" என்றான்.

"அப்பறம் ஏன்டா?"

"பூனைக்கண்ணரு குதிரை விழுந்து விழுந்து எந்திரிச்சதே. அது எந்திரிச்சா பேகமும் எந்திரிக்கும்னு நெனச்சேன். அது மட்டும் எப்பிடிலே எந்திரிச்சுச்சு?"

போன் படத்தில் சொன்ன ஒன்றை நான் மேலே எழுதாமல் விட்டிருக்கிறேன். நெற்றிச் சுழிக் குதிரை ஒன்று அல்ல. வெள்ளைச் சாயம் பூசிய பல குதிரைகள். எத்தனை என்று பூனைக்கண்ணருக்கே நினைவில்லையாம். இதைச் சொல்லாமல் வந்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அந்த யோசனை எனக்குப் பழக்கமானதுதான். அதனாலேயே சொல்லிவிட்டேன்.

காதர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். துண்டை விலக்கியதும், "வண்டிய எடு" என்றான்.

அக்காள்மடம் தாண்டி, ராமேஸ்வரத்துக்குள் போய், ஸ்டேஷன் வழியாகவே ஓட்டினேன். குதிரைகள் நின்ற இடத்தில் வேன்கள். கொட்டகை இருந்த இடத்தில் லாட்ஜ். தனுஷ்கோடி மணலில் அந்தக் காலத்தில் ரோடு கிடையாது. இப்போது இரண்டு கடலுக்கும் நடுவே கருப்பாக, நேராகப் போகிறது. பாதி வழியில் அவன் நிறுத்தச் சொல்லி இறங்கினான்.

"பேகம் இங்கனதாம்லே" என்று வலது பக்க மணலைக் காட்டினான்.

எனக்கு இடது பக்கம் என்றுதான் நினைவு. "இல்லடா, அங்கன" என்றேன். கொஞ்ச தூரம் இந்தப் பக்கம் நடந்தோம், கொஞ்ச தூரம் அந்தப் பக்கம். எல்லாம் ஒரே மணல். பின்னால் ஒரு சுற்றுலா வேன் ஹாரன் அடித்தது. நாங்கள் நடுரோட்டில் நின்றிருந்தோம். நான் அவன் கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தேன்.