"ஜெயில்ல" என்று நான் மொழிபெயர்த்த நாள்

மலாக்கா நகரில் ஒரு நூலகத்தில்தான் நான் வேலை பார்த்தேன். வெளிநாட்டு எழுத்தாளர் யாராவது வந்தால், ஆங்கிலமும் தமிழும் தெரிந்தவன் என்று என்னைப் பிடித்து வேனில் ஏற்றிவிடுவார்கள். ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, ஓர் அமெரிக்கக் கவிஞரோடு ரெம்பியா பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளிக்குப் போனேன். மார்த்தா என்று பெயர். எழுபதை நெருங்கிய அம்மையார். சிறுவர்களுக்கு நிறையப் புத்தகங்கள் எழுதியவர்.

மண்டபத்தில், பல்வலி வந்த முதலையைப் பற்றி ஒரு பாட்டு வாசித்தார். நான் வரிக்கு வரி தமிழில் சொல்ல, பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு கேள்வி நேரம். ஐந்தாம் ஆண்டு மாணவி தர்ஷினி எழுந்தாள்.

"ஆன்ட்டி, மொத பாட்டு எங்க உக்காந்து எழுதுனீங்க?"

மார்த்தா யோசிக்கவே இல்லை. சிறையில் என்றார். இளம் வயதில் குடித்துவிட்டுக் கார் ஓட்டியதில் ஒருவர் இறந்துபோனாராம். வெளியே சின்ன மகன். அவனுக்கு போனில் சொல்வதற்காகவே பாட்டுக் கட்ட ஆரம்பித்தார். விடுதலையான பிறகு அந்தப் பாட்டுகள்தாம் முதல் புத்தகம் ஆயின.

இதை நானும் அப்போதுதான் கேட்கிறேன். தலைமையாசிரியர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"அண்ணே, அத விட்டுருங்க. வீட்லன்னு சொல்லிருங்க லா. பேரண்ட்ஸ் சண்டைக்கு வந்துருவாங்க."

மார்த்தாவுக்குத் தமிழ் தெரியாது. நான் எதைச் சொன்னாலும் அவருக்குப் புரிந்திருக்காது. ஆனால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜெயில்ல எழுதுனாங்களாம்" என்றேன். மீதியையும் சொன்னேன். கேள்வி கேட்ட தர்ஷினி இன்னும் உட்காரவில்லை.

"எங்கப்பாவும் ஜெயில்லதான் இருக்காரு."

வகுப்பாசிரியை வாயைப் பொத்திக்கொண்டார். அவள் அப்பா சிங்கப்பூரில் வேலை செய்கிறார் என்றுதான் பள்ளியே நம்பியிருந்தது. மார்த்தா மேடையிலிருந்து இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்பாவோடு பேசுவாயா என்று மெதுவாக என்னைக் கேட்கச் சொன்னார்.

"இல்ல அங்கிள். அம்மா லாயர்ட்ட போன்ல பேசுனத கேட்டுட்டேன். எனக்குத் தெரியும்னு அம்மாவுக்குத் தெரியாது."

அதையும் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன்.

மறுநாள் அவள் அம்மா தொழிற்சாலைச் சீருடையோடு நூலகத்துக்கே வந்துவிட்டார்.

"யாருண்ணே அந்த வெள்ளக்காரிய கூட்டிட்டு வந்தது? எங்க மானமே போச்சு!"

பள்ளியில் விஷயம் வெளிவந்தது மட்டும்தான் அவர் காதுக்கு எட்டியிருந்தது; சொன்னது மகள்தான், போனில் பேசியதைக் கேட்டிருக்கிறாள் என்று சொன்னேன்.

"அவளுக்குத் தெரியுமா? மாசாமாசம் சாக்லேட் வாங்கி, அப்பா அனுப்புனதுன்னு குடுக்கிறேனே... சிரிச்சிக்கிட்டே வாங்கிக்குவாளே, அண்ணே!"

அவர் அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தேன். அடுத்த முறை சிறைக்குப் போனபோது மகளையும் கூட்டிப்போனார் என்று பிறகு தெரிந்தது. பள்ளிக்கு எந்தப் பெற்றோரும் சண்டைக்கு வரவில்லை.

மொழிபெயர்க்க நிற்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். கேட்பவர் தாங்கமாட்டார் என்று நீங்களே முடிவுகட்டி ஒரு சொல்லையும் மாற்றாதீர்கள். அன்று நடுங்கியது பெரியவர்களாகிய நாங்கள்தான். அந்தப் பிள்ளை நிமிர்ந்து நின்றாள்.