வரிசையின் கடைசி ஆள்

சிறைச்சாலையில் டாக்டர் என்று சொன்னால் மயிலாப்பூரில் யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். நல்லவேளை, எனக்கு அதற்கு முன்பே கல்யாணம் ஆகிவிட்டது.

இரண்டு டாக்டர் இருக்க வேண்டிய இடத்தில் நான் ஒருவன். இன்னொரு நாற்காலி நான் சேர்ந்த நாளிலிருந்தே காலி. தினமும் காலையில் நோயாளிகள் வரிசை மதில்வரை நீளும். வெளி ஆஸ்பத்திரிக்குப் போகிற சாக்கில் ஊரைப் பார்த்துவிட்டு வர அதில் பாதிப் பேர் நடிக்கிறார்கள் என்பது என் தீர்மானம். அதனால் நெஞ்சுவலி என்று வருபவரை வரிசையின் கடைசிக்கு அனுப்பிவிடுவேன். நடிப்பென்றால் கால் கடுத்து அவரே போய்விடுவார். இந்த அரிய கண்டுபிடிப்பைப் பற்றி வீட்டில் பெருமையடித்துக்கொண்டதும் உண்டு. சாயங்காலம் லஸ் பக்கம் என் கிளினிக்கில் யாராவது ஏப்பம் விட்டாலே ஈ.சி.ஜி. எடுக்கிறவனும் நான்தான்.

ஒரு நாள் சிந்தாதிரிப்பேட்டை ஆட்டோக்காரர் ஒருவர், விசாரணைக் கைதி, நெஞ்சு அடைக்கிறது, தாடையும் இடது கையும் வலிக்கிறது என்றார். பாடப் புத்தகத்தில் இருப்பதை அப்படியே ஒப்பிக்கிறாரே, யாரோ நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். கடைசிக்கு அனுப்பினேன். எனக்குச் சீட்டு எழுதித் தரும் ஆயுள் கைதி அவரைத் திரும்ப முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். மறுபடி அனுப்பினேன். மறுபடி கொண்டுவந்தார். முறைத்தேன்.

“சார், நடிக்கிறவன் உங்க மூஞ்சியத்தான் பாப்பான். இவரு தரையப் பாத்துக்கினு கீறாரு.”

அப்போதுதான் அந்த முகத்தைப் பார்த்தேன். வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. உடனே ஈ.சி.ஜி. எடுத்தேன். மாரடைப்பு. வெளி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகக் காவலுக்குப் போலீஸ் வந்து சேரும்வரை நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. இவர் செத்தால் கொன்றவன் நான்தான் என்று தெரிந்தது. பயத்தில் ஆம்புலன்ஸில் நானும் ஏறிக்கொண்டேன். மிச்ச வரிசை டாக்டரே இல்லாமல் நின்றது.

பிழைத்துக்கொண்டார். மூன்று வாரம் கழித்து அவரைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டதாகச் சொன்னார்கள். மறுநாள் மன்னிப்புக் கேட்க நாலு வாக்கியம் தயார் செய்துகொண்டு போனேன். வரிசையில் முன்னால் அவரைக் காணோம். எல்லோரும் போன பிறகு, சுவரில் கையை ஊன்றியபடி கடைசி ஆளாக வந்தார். ஏன் முதலிலேயே வரவில்லை என்று கேட்டேன்.

“நெஞ்சு நோவுன்னா கடைசிலதானே சார் பாப்பீங்க. உங்களுக்கு இன்னாத்துக்குத் தொந்தரவுன்னு நானே போய் நின்னுக்கினேன்.”

அவர் குரலில் கேலி இல்லை. நாலு வாக்கியத்தையும் விட்டுவிட்டு எழுந்தேன். என் நாற்காலியை எடுத்து அவருக்குப் போட்டேன். இந்த முறை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது நான்.