ஓட்டமும் ஓட்டும்

ஹாஸ்டல் மக்களே, நோட்டீஸ் போர்டில் அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதீர்கள்.

காலையில் ஓட்டப்பிடாரம் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் பர்மா அண்ணாச்சி. பர்மாவிலிருந்து அகதியாக வந்தாரே, அவர்தான். சட்டசபைத் தேர்தலுக்குச் சுயேச்சையாக மனு கொடுக்கக் கோவில்பட்டிக்கு வந்துகொண்டிருந்தார்.

நடுக்காட்டில் நான்கு பேர் பஸ்ஸை மறித்துக் கம்புகளோடு ஏறினார்கள்.

"ஏலே, எங்க ஆளுக்கு எதிரா மனு குடுக்கப் போற அந்தப் பர்மாக்காரன் எங்க?" என்று ஒருவன் என் சட்டையைப் பிடித்தான்.

"அவிய முந்தின பஸ்ஸுலயே போயிட்டாவ, அண்ணாச்சி" என்றேன்.

பர்மா அண்ணாச்சி எழுந்துவிட்டார்.

"பயல விடுங்கய்யா. நாந்தான் அது. ஒரு தடவ ஓடி வந்தாச்சு. இனி ஓட்டம் கெடையாது, ஓட்டுதான்."

ஹாஸ்டலில் சிலேடை பேசுவது என் தொழில். அந்தப் பயத்தில் எனக்குப் பதில் சிலேடை ஒன்றுகூடத் தோன்றவில்லை. அதற்குள் பஸ்ஸில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து அவரைச் சுற்றி நின்றார்கள்.

"சாயங்காலம் இதே வழியாத்தான வரணும்? வாரும், பாத்துக்கிடுதோம்" என்று சொல்லிவிட்டு அந்த நான்கு பேரும் இறங்கினார்கள்.

அவர் மனு கொடுத்துவிட்டார். சாயங்கால பஸ்ஸில் ஊர் திரும்புகிறார். "துணைக்கு நானும் வாரேன்" என்று வாய் தவறிச் சொல்லித் தொலைத்துவிட்டேன்.

யாரெல்லாம் வாரீங்க? கீழே பெயர் எழுதுங்கள். ஜன்னல் சீட் எல்லாம் உங்களுக்கே. எனக்கு நடு சீட் போதும்.