பதினாலாம் நம்பர் மடை

"உண்மையைச் சொல்லு சுந்தரி. குழாய்க்குள்ள கோலைத்தானே பாத்த?"

"கோலையும் பாத்தேன்."

"அது போதும். வேற எதையும் நீ பாக்கலை."

"நான் என்ன பாத்தேன்னு நீங்க இன்னும் கேக்கவே இல்லையே."

என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருட்டைப் பார்த்தார். காரைக்குடி வந்து சேரும்வரை என் பக்கம் திரும்பவே இல்லை. மாட்டு வண்டியில் எனக்கும் அவருக்கும் நடுவே மட்டம் பார்க்கும் லெவல் கருவியின் பெட்டி இருந்தது. அதை அவர் ஒரு கையால் அணைத்துப் பிடித்திருந்தார்.

1969 ஜனவரி 23, வியாழக்கிழமை. வீட்டுக்குள் நுழையும்போது சுவர்க் கடிகாரத்தில் ஏழு பத்து.

இது யாரோ சொல்லிக் கேட்டதல்ல. என் வலது கண்ணைப் பித்தளைக் குழாயில் ஒட்ட வைத்துக்கொண்டு நான் பார்த்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். பார்த்த எனக்கு அந்த வசதி இல்லை.

என் கணவர் சத்தியமூர்த்தி ஓவர்சியர். எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது இரண்டு வருஷம்கூட நிறையவில்லை. வெள்ளைக்காரர் காலத்தில் சர்வே செய்தவர்கள் பாலங்களிலும் மடைகளிலும் பெரிய வீடுகளின் அடிக்கல்லிலும் ஓர் அடையாளம் கொத்தி வைத்திருந்தார்கள். ஒரு சின்னச் சதுரம், அதற்கு மேல் அம்பு, பக்கத்தில் பி.எம். என்று இரண்டு ஆங்கில எழுத்து. அந்தக் கல் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பது பழைய பதிவேட்டில் இருக்கும். அதை வைத்துத்தான் புது வாய்க்காலுக்கும் ரோட்டுக்கும் மட்டம் பார்ப்பார்கள். எந்தெந்த அடையாளம் மிச்சம் இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்கும் வேலை அவருக்கு வந்திருந்தது.

என்னையும் கூட்டிப் போவார். கொத்தமங்கலத்துப் பெரிய வீடுகளில் ஆண்கள் பாதிப் பேர் வெளியூரில். அரசாங்க ஆள் வந்து சுவரைத் தடவினால் ஆச்சிமார் விடுவார்களா? முதலில் நான் போய் உள்கட்டில் பேசிச் சம்மதம் வாங்குவேன். ஓர் ஆச்சி என்னைக் கேட்டார்: "வெள்ளைக்காரன் கொத்துனதே எங்க மாமியாளுக்கு ஆறலை. உங்க வீட்டுக்காரக திரும்ப ஒருக்காக் கொத்த மாட்டாகள்ல?" அளவுக் கோலை நிறுத்திப் பிடிக்கிற கலாசி முத்தழகு, "ஓவர்சியரம்மா வந்தாத்தான் நமக்கு மோரு கிடைக்குது" என்பான்.

சுண்ணாம்பு அடித்து அடித்து அடையாளம் மூடிப்போயிருக்கும். நேராகப் பார்த்தால் தெரியாது. சாயங்கால வெயில் சுவரோடு படுத்து வரும்போது கோடு மெல்ல எழுந்து வரும். அந்த நேரத்துக்காகக் காத்திருந்து, முதலில் நான் கண்டுபிடித்துவிட்டால் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புக்காகவே நான் அலைந்தேன்.

கருவியில் பார்க்கவும் எனக்குக் கற்றுக் கொடுத்தார். அந்தக் காலத்துக் கருவி எல்லாவற்றையும் தலைகீழாகத்தான் காட்டும். வானம் கீழே, தரை மேலே, மரங்கள் தொங்கும். கலாசி கூரையில் நடக்கிற பல்லி மாதிரி இருப்பான். கோலில் உள்ள எண்களும் கவிழ்ந்திருக்கும். அப்படியே வாசிக்கப் பழக வேண்டும்.

இன்னொரு சட்டமும் சொல்லிக் கொடுத்தார். கருவியில் பார்ப்பவர் கையைத் தூக்கி இறக்கும்வரை, கோல் பிடித்தவன் அடையாளத்தை விட்டு நகரக் கூடாது. வெயிலோ மழையோ, நகர்ந்தால் அன்றைய வேலை முழுதும் பாழ்.

பதிவேட்டில் பதினாலாம் நம்பர் மட்டும் நாங்கள் போகாத இடம். குருந்தங்கண்மாய் மடை. அதற்கு எதிரே அவர் கையெழுத்திலேயே ‘பார்த்தாயிற்று’ என்று எழுதியிருந்தது. ஆனால் பதின்மூன்றோடும் பதினைந்தோடும் அதன் கணக்கு ஒத்துவரவில்லை. மறுநாளைக்குள் திரும்பப் பார்த்துச் சரியான அளவு தர வேண்டும், இல்லையென்றால் விளக்கம் எழுத வேண்டும் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார்.

முத்தழகு வரவில்லை. காய்ச்சல் என்றான். வாசலில் நின்று நன்றாகத்தான் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான்.

அதனால் நானும் அவரும் மட்டும் போனோம். வண்டிக்காரர் ரோட்டிலேயே நின்றுகொண்டார். கரைமேல் வர மாட்டேன் என்றார். ஏன் என்று கேட்டதற்கு மாட்டைக் காட்டினார். மாடு சும்மாதான் நின்றது.

மாலை 5.40. தை மாதக் கண்மாய் நிறைந்து கிடந்தது. மடை அறுபது கெஜம் தள்ளி, கரை வளைகிற இடத்தில் இருந்தது. இரண்டு கல்தூண், மேலே ஒரு கல் உத்தரம். அடையாளம் அந்த உத்தரத்தில்.

5.52. முக்காலியை நிறுத்திக் கருவியைச் சரி செய்தார். வழக்கமாக ஒரு தடவை தானே பார்த்துவிட்டுத்தான் நகர்வார். அன்று குழாயில் கண் வைக்கவே இல்லை. "நீ பாரு. நான் கோலைப் பிடிக்கிறேன்" என்று சொல்லி, கோலைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார்.

மெதுவாக நடந்தார். பாதி வழியில் ஒரு பனைமரம். அங்கே நின்றுவிட்டார்.

5.56. நான் குழாயில் கண் வைத்தேன்.

கோல் தெரிந்தது. மடை உத்தரத்தின்மேல், ஆடாமல்.

அதற்குள் போய்விட்டாரா என்று நினைத்தேன். எண்ணைப் பார்த்தேன். ஏழு புள்ளி மூன்று ஐந்து. சுலபமாக வாசித்துவிட்டேன்.

பிறகுதான் உறைத்தது. ஏன் இவ்வளவு சுலபம்?

எண்கள் கவிழ்ந்திருக்கவில்லை. நேராக இருந்தன.

சிவப்பில் எழுதிய பழைய அடிக்கணக்கு எண்கள். எங்கள் கோல் மீட்டர் கோல். அதன் மொத்த உயரமே நான்கு. ஏழு என்று ஒன்று அதில் கிடையாது.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். அவர் இன்னும் பனைமரத்தடியில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கோல் அவர் தோளில் இருந்தது.

மடையில் யாரும் இல்லை.

திரும்பக் கண் வைத்தேன்.

கண்மாய் மேலே கிடந்தது. வானம் கீழே இருந்தது. தூண்கள் தொங்கின. எல்லாம் வழக்கம்போலத் தலைகீழ்.

கோலுக்குப் பின்னால் ஓர் ஆள். அவர் மட்டும் நேராக நின்றார்.

காக்கி அரைக்கால் சட்டை. தலையில் துண்டு. கோலை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். உடம்பெல்லாம் நனைந்திருந்தது.

ஆனால் தண்ணீர் கீழே வடியவில்லை.

காலிலிருந்து மேலே ஏறியது... இடுப்பு... கழுத்து... உச்சந்தலை. அங்கிருந்து மேலே, மேலே கிடந்த கண்மாய்க்குள்...

டக்.

டக்.

சத்தம் எனக்குக் கேட்டது. அறுபது கெஜத்துக்கு அப்பால் சொட்டுகிற சத்தம்... காதுக்குப் பக்கத்தில்.

அந்த ஆள் என்னைப் பார்த்தார்.

உதடு அசைந்தது.

நான் கருவியின் திருகைத் தொடவில்லை. ஆனால் முகம் பெரிதானது.

பெரிதானது.

குழாய் முழுதும் முகம்...

முக்காலியை இடித்துக்கொண்டு பின்னால் விழுந்தேன். 6.04. கைக்கடிகாரம் மண்ணில் பட்டு, கண்ணாடி கீறி, அந்த நேரத்திலேயே நின்றுபோயிருந்தது.

என் கணவர் ஓடி வந்தார். மடைவரை போகவே இல்லை. பனைமரத்திலிருந்து அப்படியே திரும்பி ஓடி வந்தார். என்னைத் தூக்கவில்லை. முதலில் கேட்டது இதுதான்.

"என்ன வந்துச்சு?"

"ஏழு... மூணு அஞ்சு."

அளவுப் புத்தகத்தை எடுத்தார். எழுதினார். பக்கத்திலேயே அதை மீட்டராக மாற்றியும் எழுதினார்.

எந்தக் கோல் என்று கேட்கவில்லை. தன் தோளில் இருக்கிற கோலை நான் எப்படி மடையில் வாசித்தேன் என்று கேட்கவில்லை. மீட்டர் கோலில் ஏழு எப்படி வரும் என்று கேட்கவில்லை.

அங்கே யார் நிற்கிறார் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் குழாயில் என் கண்ணை வைக்கச் சொன்னார்.

அந்தக் குளிரில் எனக்கு வியர்த்தது. பேயைப் பார்த்ததற்காக அல்ல.

மறுநாள் காலை, அந்த ஏழு புள்ளி மூன்று ஐந்தை வைத்துக் கணக்குப் போட்டார். பதின்மூன்றோடும் பதினைந்தோடும் நூலளவு பிசகாமல் பொருந்தியது. மேலதிகாரி பாராட்டியதாக மத்தியானம் வந்து சொன்னார்.

அவர் அலுவலகம் திரும்பியதும் அவருடைய பழைய அளவுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். பதினாலாம் நம்பருக்கு எதிரே, காலை 11.40 என்ற நேரமும் ஒரு பொய் அளவும் இருந்தன. தேதி 9-11-1966.

அந்தத் தேதி எனக்கு மனப்பாடம். புதன்கிழமை. அன்று சாயங்காலம் ஆறு பத்துக்குத்தான் அவர் என்னைப் பெண் பார்க்க வந்தார். நல்ல மழை. முழங்கால்வரை சேறு. "வேலையைப் போட்டுட்டு ஓடி வந்தேன்" என்று என் அப்பாவிடம் சொன்னார். சேற்றுக் காலோடு ஒருவர் எனக்காக ஓடி வந்திருக்கிறார் என்ற அந்த ஒன்றுக்காகவே, காபி தம்ளரை நீட்டும்போதே நான் சம்மதித்துவிட்டேன்.

அந்த நாளில் மடையில் என்ன நடந்தது என்று முத்தழகிடம் கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு முன்னால கோல் பிடிச்சது சின்னக்கருப்பன். அவரு சம்சாரம் சோலையம்மா பிள்ளையார்பட்டியில அருகம்புல் மாலை விக்கிது. அதுக்கிட்டக் கேளுங்க" என்றான்.

அடுத்த சதுர்த்திக்கு, கும்பிடப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுப் போனேன். கோவில் வாசல் கூட்டம் வடிந்த பிறகு சோலையம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் யார் என்று சொன்னதும் அவள் கை மாலையில் அப்படியே நின்றது. பிறகு கட்டிக்கொண்டே சொன்னாள்.

"காலையில சோறு கட்டிக் குடுக்கையில சிரிச்சாரு. ‘இன்னைக்கு ஓவர்சியரய்யா பொண்ணு பாக்கப் போறாக, வெரசா விட்டுருவாக’ன்னாரு. அந்தப் பொண்ணு நீங்கதானா தாயி?"

நான் தலையை ஆட்டினேன்.

மழை பிடித்தபோது ஆடு ஓட்டி வந்த ஒருவர், கரையிலிருந்து சின்னக்கருப்பனைக் கூப்பிட்டிருக்கிறார். இறங்கி வா, தண்ணீர் ஏறுகிறது என்று. "ஐயா இன்னும் கையைக் காட்டலை" என்று சொல்லி அவர் அங்கேயே நின்றிருக்கிறார். கொட்டுகிற மழை கருவி இருந்த இடத்தை மறைத்திருந்தது. ஐயா எப்போதோ கருவியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார் என்பது அவருக்குத் தெரியாது.

விசாரணையில் என் கணவர் எழுதிக் கொடுத்தது வேறு. மத்தியானம் பன்னிரண்டுக்கே கலாசியை அனுப்பிவிட்டேன், குடித்துவிட்டு வந்து விழுந்திருப்பான் என்று. ஆடு மேய்ப்பவரின் பேச்சை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

"அவரு நாக்குல ஒரு சொட்டு வச்சதில்ல தாயி. எம் மக அழகி பள்ளிக்கூடத்துல குடிகாரன் மகன்னு பேரு வாங்கிட்டு வருது. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். உங்க வீட்டுக்காரக வந்து, எம் மக முன்னால ஒரு வார்த்தை..."

சொல்கிறேன் என்றேன். எழுந்திருக்கும்போது, கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். எப்படிக் கிடந்தார்?

"மறுநா தண்ணி இறங்குனப்பத்தான் தெரிஞ்சுச்சு. மடைக்குழிக்குள்ள தலைகீழ. உள்ளங்கால் ரெண்டு மட்டும் மேல நின்னுச்சு. அந்தக் காலைப் பாத்துத்தான் அவருன்னேன். கோலை விடவே இல்ல. குழிக்குள்ள எறங்கித்தான் கையைப் பிரிச்சாக."

தலைகீழாக.

எல்லாவற்றையும் கவிழ்த்துக் காட்டுகிற குழாயில், அதனால்தான் அவர் மட்டும் நேராகத் தெரிந்தார்.

ஏன் என் கண்ணுக்குத் தெரிந்தார், ஏன் சரியான அளவைக் கொடுத்து என் கணவரைக் காப்பாற்றினார் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

சொல்கிறேன் என்று வந்தேனே தவிர, சொல்லவில்லை. ஐந்து வருஷம். சாப்பாடு போட்டேன், சட்டை தேய்த்தேன், அவர் முகம் பார்த்துச் சிரிக்கக்கூட முயன்றேன். ஒவ்வொரு நாளும் அந்த வார்த்தை தொண்டைவரை வந்து திரும்பிப் போகும். சொல்லிவிட்டால் பிறகு எனக்கு வீடு ஏது என்ற பயம். சதுர்த்திகளில் பிள்ளையார்பட்டிப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

1974 ஆகஸ்ட். பழைய மடையை இடித்துவிட்டு ஷட்டர் போடப் போவதாக உத்தரவு வந்தது. அன்று சாயங்காலம் அவர் பதிவேட்டை வீட்டுக்கே கொண்டுவந்திருந்தார். கூடத்தில் உட்கார்ந்து, பதினாலாம் நம்பர் வரியின்மேல் அடிமட்டத்தை வைத்து, சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தார்.

"அப்பாடா. இனிமே அப்படி ஒரு இடமே இல்லை" என்றார்.

அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு வந்தது. நான் அலைந்து அலைந்து வாங்கிய அதே சிரிப்பு.

நான் அவர் கையிலிருந்த பேனாவை வாங்கி மூடி வைத்தேன்.

"எந்திரிங்க. பிள்ளையார்பட்டிக்குப் போவோம். சின்னக்கருப்பன் குடிக்கலை, நான்தான் அவரை நிக்க வச்சுட்டுப் போனேன்னு, அவரு மக முன்னால உங்க வாயால சொல்லுங்க."