ஒரு சுற்றுக்கு இரண்டு அடி லுங்கி

இன்று காலை புத்தூர் ரயில்வே கேட்டில், சரியாகத் தண்டவாளத்தின் மேல், என் லுங்கி சைக்கிள் செயினில் மாட்டிக்கொண்டது. நேரில் பார்த்தவர்கள் சிரித்து முடித்திருப்பீர்கள். மற்றவர்கள் இப்போது சிரிக்கலாம்.

கேட் மூடப்போகும் மணி அடிக்க ஆரம்பித்தது.

"ரைலு ஒஸ்தாந்தய்யா, ஜருகு!" என்று, ரயில் வருகிறது நகரு என்று கேட் கீப்பர் தெலுங்கில் கத்தினார்.

வேகமாகக் கடந்துவிடலாம் என்று மிதித்தேன். துணி இன்னும் உள்ளே போய் என்னை இடுப்போடு இழுத்துப் பிடித்தது. இறங்கவும் முடியவில்லை.

பின்னால் உட்கார்ந்திருந்த என் பெண், எட்டாம் வகுப்பு, குதித்து இறங்கிச் செயின் பக்கத்தில் குந்தினாள்.

"முன்னாடி மெதிக்காத நைனா, இன்னும் துன்னுது! இந்தச் சக்கரத்துல நாப்பத்தெட்டு பல்லு. ஒரு பல்லுக்கு அரை இஞ்சு. ஒரு சுத்துக்கு ரெண்டடி லுங்கி துன்னும்."

"கணக்கை அப்பறம் போடும்மா!"

"நீ மெதிச்சது அரை சுத்து. பெடலை அரை சுத்து பின்னால சுத்து, ஒரு அடி வெளிய வந்துரும்."

சுற்றினேன். கிரீஸும் கிழிசலுமாக ஒரு அடி வெளியே வந்தது. நாங்கள் அந்தப் பக்கம் போய்ச் சேரவும் கேட் இறங்கவும் சரியாக இருந்தது.

வீட்டில் அவள் அம்மா, "அவுத்துப் போட்டுட்டு ஓடியாந்தா இன்னா?" என்று சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

மனைவியிடம் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. மணி அடித்த அவ்வளவு நேரமும் நான் லுங்கியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். "நீ மொதல்ல ஓடும்மா" என்று பெண்ணிடம் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.