முப்பத்துநாலு வயதுக் குமர்

எனக்கு இப்போது எழுபத்தாறு வயது. பெற்றது நாலு, தம்பியின் மகனோடு சேர்த்து வளர்த்தது ஐந்து. இதை முதலிலேயே எழுதிவிட வேண்டும். என்னைப் பார்க்கிறவர்கள் இரண்டையும் நம்புவதில்லை. போன கிழமை கிளினிக்கில் ஊசி போட்ட பிள்ளை என் கிளினிக் கொப்பியையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அம்மாவின்ர கொப்பியை மாறிக் கொண்டு வந்திட்டீங்களோ அன்ரி?" என்று கேட்டது. எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். மறைப்பானேன்.

நான் சின்ன உருவம். முகம் பதினெட்டு வயதோடு நின்றுவிட்டது. மூத்தவளின் பள்ளிக்கூடத்துக்குப் போனால், "தங்கச்சி, வீட்டில அம்மா இருந்தா வரச் சொல்லுங்கோ" என்பார்கள். என் மனுசனுக்கு அதைக் கேட்க ஒரே சிரிப்பு.

சண்டைக் காலத்தில் அதே முகம் சோற்றுக்கு இடைஞ்சலாக வந்தது.

எங்கள் பக்கத்தில் கடலுக்குப் போகத் தடை. மனுசன் தோட்ட வேலை தேடிக் குச்சவெளிப் பக்கம் போயிருந்தார். பாதையை மூடினால் கிழமைக் கணக்காக வர ஏலாது. பிள்ளைகள் ஐந்தோடும் நான் பட்டினத்தில் ஓர் அறையில் இருந்தேன். துறைமுகத்தடியில் இறால் உரிக்கிற கொட்டிலில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். சுப்பர்வைசர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தங்கச்சி, இஞ்ச குமர்ப் பிள்ளையளை எடுக்கிறேல்லை. பிள்ளைகுட்டிக்காரர் மட்டும்தான்."

"எனக்கு ஐஞ்சு பிள்ளையள் ஐயா."

"எனக்குப் பதினைஞ்சு. போங்கோ, போய் அம்மாவை அனுப்புங்கோ."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கொட்டிலுக்குப் போவதற்கு ஆமியின் சோதனைச் சாவடியான துறைமுகத்துச் சென்றியைத் தாண்ட வேண்டும். இளம் பிள்ளைகளை ஆமி கூடுதலாக மறிக்கும், கூடுதலாக விசாரிக்கும். உரிக்கிற பெண்கள் எல்லாரும் ஒரு கூட்டமாகத்தான் உள்ளே போகலாம். ஒருத்தியை மறித்தால் எல்லாரும் வெளியே நிற்க வேண்டும். அங்கே ஐஸ் கரைந்து இறால் கெட்டுப் போகும்.

கூட்டத்துக்குத் தலைவியாக இருந்த பெரியக்காதான் எனக்காகக் கதைத்தா. அவவும் என் அறைக்கு இரண்டு வளவு தள்ளி இருந்தவ. "இவளை எனக்குத் தெரியும். என்ர பொறுப்பு" என்றா. சுப்பர்வைசர் அரை மனதோடு தலையாட்டினார்.

"சரி. ஆனால் இவளாலை சென்றியில ஒருநாள் சுணங்கினாலும், அண்டைக்கே நிப்பாட்டிப் போடுவன்."

வெளியே வந்ததும் பெரியக்கா என் நாடியைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தா. "இந்த முகத்தை வச்சுக்கொண்டு என்ன செய்யிறது?"

கூட்டத்தில் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் அக்கா இருந்தா, எங்கள் எல்லாருக்கும் ராத்தா. வாய் ஓயாத மனுசி. "அதுக்கென்ன புள்ள? நாம இவள ஒரே நாளையில கிழவியாக்கிப் போடுவம்" என்றா.

அடுத்த நாள் விடிய எல்லாரும் பெரியக்காவின் குசினிக்குள் கூடினோம். என் தலையை இறுக்கிக் கொண்டை போட்டு, காதோரம் இரண்டு பக்கமும் அடுப்புச் சாம்பலைத் தேய்த்தார்கள். ஒரு மங்கல் சேலை. வாய் நிறைய வெற்றிலை. பெரியக்காவின் மாமியுடைய மூக்குக் கண்ணாடியையும் போட்டுவிட்டார்கள். போட்டதும் நிலம் எங்கேயோ பள்ளத்தில் கிடந்தது. வாசற்படியில் கால் தடக்கி ராத்தாவின் மேல் விழுந்தேன்.

"அல்லாவே, நடையும் கிழவி நடைதான்! வலு சோக்கு!" என்று ராத்தா கைகொட்டிச் சிரித்தா. எல்லாரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே சென்றியடிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

பெண்களைச் சோதிக்க ஓர் ஆமிக்காரி நின்றாள். என் முறை வந்தது. என்னுடைய அடையாள அட்டை ஒருமுறை மழையில் நனைந்து, படம் மங்கிப் போயிருந்தது. அவள் அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கொண்டைக்குள் ஏதும் ஒளித்திருக்கிறேனா என்று தலையைத் தடவினாள். கையை எடுத்தபோது அவளுடைய உள்ளங்கை சாம்பல் நிறமாக இருந்தது.

கையை மணந்து பார்த்தாள். என் கண்ணாடியைக் கழற்றினாள். ஒரு சத்தம் போட்டாள், இரண்டு ஆமிக்காரர் துவக்கோடு ஓடி வந்தார்கள்.

அப்போதுதான் எங்கள் எல்லாருக்கும் விளங்கியது. குமர் என்று நினைத்து மறிப்பார்கள் என்று பயந்தோம். குமர் ஒருத்தி கிழவி வேசம் போட்டுக்கொண்டு துறைமுகத்துக்குள் போனால் என்ன நினைப்பார்கள் என்று ஒருத்தியும் யோசிக்கவில்லை.

"வயசு?" என்று கேட்டாள். அவளுக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும்.

"முப்பத்துநாலு."

"பொய். இது வேற ஆள் ஐசி."

தாலியை எடுத்துக் காட்டினேன். உதட்டைப் பிதுக்கினாள். அதை யாரும் போடலாம் என்ற மாதிரி. பிள்ளைகள் ஐந்து என்று விரலை விரித்துக் காட்டினேன். அதற்குச் சிரிக்கவும் இல்லை. மண்மூட்டைக்குப் பக்கத்தில் என்னைக் குந்த வைத்தார்கள். அந்தக் காலத்தில் அப்படிக் குந்த வைக்கப்பட்டவர்களில் சிலர் பின்னேரம் வீடு திரும்பியதில்லை. வேலை போகும் என்ற பயம் போய், பிள்ளைகள் மத்தியானம் என்ன சாப்பிடுவார்கள் என்ற பயம் வந்துவிட்டது. வாயில் இருந்த வெற்றிலையை விழுங்கவும் ஏலாது, துப்பவும் பயம்.

பெரியக்காவிடம், "நீங்க போங்க" என்று ஆமிக்காரி கையைக் காட்டினாள். வழக்கத்துக்கு மாறாக, அன்றைக்கு என்னை விட்டுவிட்டு உள்ளே போக அவர்களுக்கு அனுமதி கிடைத்தது. ஒருத்தியும் போகவில்லை. பெரியக்கா றோட்டோரம் சேலையை ஒதுக்கிக்கொண்டு குந்தினா. மற்றவர்களும் குந்தினார்கள். ராத்தாவை மட்டும் காணவில்லை.

சுணக்கம் என்னவென்று பார்க்கச் சுப்பர்வைசரே வெளியே வந்துவிட்டார். என் கோலத்தைக் கண்டு, "நான் நேற்றே சொன்னனான்" என்று தலையில் கை வைத்தார். அந்த நேரம் பார்த்து, றோட்டு முனையில் ராத்தா நடையும் ஓட்டமுமாக வந்தா. இடுப்பில் என் கடைசி மகன். பின்னால் மற்ற நாலும்.

மூத்தவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. என்னை விட உயரம். ஆமிக்காரி அவளையும் என்னையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தாள்.

"இது அக்கா? தங்கச்சி?"

பிள்ளைகளைக் கண்டும் அவள் நம்பவில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு ஆமியும் தெரியவில்லை, துவக்கும் தெரியவில்லை. காலையிலிருந்து சேர்த்து வைத்த முறைப்பாடு அத்தனையும் என்னைக் கண்டதும் கொட்டுண்டது.

"அம்மா, அண்ணா என்ர பாணைத் திண்டிட்டான்!"

"இல்லையம்மா, இவன்தான் முதல் கிள்ளினவன்!"

"அம்மா, இவன் முகம் கழுவமாட்டனெண்டு நிக்கிறான். நீங்களே கேளுங்கோ!" இது மூத்தவள். பிறகு என் தலையைப் பார்த்து வெடித்துச் சிரித்தாள். "ஐயோ அம்மா, ஏன் சாம்பலைக் கொட்டிக்கொண்டு நிக்கிறியள்? பேய் மாதிரி!"

நானும் எங்கே இருக்கிறேன் என்பதை மறந்துபோனேன். எழும்பி, ஒருத்தனின் காதைத் திருகி, மற்றவனின் மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்து, "பாண் திண்டவன் ஆர்? உண்மையைச் சொல்லு!" என்று அதட்டினேன். கடைசி மகன் ராத்தாவின் இடுப்பிலிருந்து பாய்ந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

நிமிர்ந்து பார்த்தால் ஆமிக்காரி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தோள் குலுங்கியது. பிறகு இரண்டு விரலைக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டு, "என்ட வீட்டிலயும் இப்பிடித்தான்" என்றாள். தன்னுடைய தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

"தலை கழுவு. நாளைக்கு அம்மா மாதிரி வா. ஆச்சி மாதிரி வேணாம்."

பெரியக்கா எழும்பிச் சுப்பர்வைசருக்கு முன்னால் போய் நின்றா. "இவளை நிப்பாட்டுறதெண்டால் எங்களையும் சேர்த்து நிப்பாட்டுங்கோ."

அவர் பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "ஆரை நிப்பாட்டுறது? இது குடும்பமில்லை, பள்ளிக்கூடம். போங்கோ எல்லாரும், இறால் நாறப் போகுது!"

அந்தக் கொட்டிலில் நான் வருசக் கணக்காக இறால் உரித்தேன். உப்புத் தண்ணீரில் விரல் வெடிக்கும், ஐஸில் மரத்துப் போகும். ஆனால் ஐந்து பிள்ளைகளும் சாப்பிட்டுப் பள்ளிக்கூடம் போனார்கள். அந்த ஆமிக்காரியைச் சில மாதத்தில் வேறெங்கோ மாற்றிவிட்டார்கள். அவளுடைய பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும் என்று கோயிலில் நினைத்துக்கொள்வேன். உள்ளே போகலாம் என்று சொல்லியும் றோட்டில் குந்தியிருந்த அந்தப் பெண்களையும், செருப்பு அறுந்த காலோடு என் பிள்ளைகளைக் கூட்டிவந்த ராத்தாவையும் நினைக்காத நாள் குறைவு. அன்றைக்கு அவர்கள் போயிருந்தால் எனக்கு என்ன நடந்திருக்கும் என்று தெரியாது. தெரியாமல் போனதே அவர்களால்தான்.

பேத்தி, எழுதி முடிச்சிட்டன். இஞ்ச வா, இதை ஒருக்காப் பெலத்து வாசி. எழுத்துப் பிழையைப் பிறகு பார்ப்பம். உன்ர கொம்மா என்னைப் பேய் எண்டு சிரிச்ச இடம் வந்தால், குசினிக்குள்ள நிக்கிற அவவுக்கும் கேக்கிற மாதிரி வாசி.