கண்ணாடி துடைத்த இரண்டு நாள்

அப்பா பத்து நாள் ஆஸ்பத்திரியில் வாயில் செருகிய மூச்சுக்குழாயோடு கிடந்து இறந்தார். குவைத்திலிருந்து அண்ணன் வந்து சேர இரண்டு நாளாகும் என்றதால் அரியலூரிலிருந்து ஐஸ் பெட்டி வரவழைத்தோம். பெட்டிக்காரர் வயரை மாட்டிவிட்டு எனக்கு ஒரு வேலையையும் கொடுத்துவிட்டுப் போனார். மழைக்காலம், மூடிக் கண்ணாடியில் வெளிப்பக்கம் தண்ணீர் கோத்துக்கொண்டே இருக்கும், துடைத்துக்கொண்டே இருந்தால்தான் முகம் தெரியும் என்றார்.

ஐப்பசி அடைமழை. விக்கிரமங்கலத்தில் அன்றைக்குக் காற்றே நனைந்துதான் கிடந்தது. துண்டால் துடைத்தேன். பிழிந்துவிட்டு மறுபடி துடைத்தேன். நூல் நூலாக ஒட்டியது. செய்தித்தாளைக் கசக்கித் துடைத்தால் பளிச்சென்று ஆனது, ஆனால் அடுத்த ஆள் மாலையோடு வருவதற்குள் திரும்பவும் வெள்ளை பூத்துவிடும். வருகிறவர்களோ கண்ணாடிமேலேயே சாய்ந்து அழுதார்கள். மூச்சு பட்டால் மங்கும், அழாதீர்கள் என்று சொல்லவா முடியும்? எரிச்சல் வந்தது. அழுகைதான் வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப்போய், கை மட்டும் வேலை செய்தது.

மறுநாள் காலை மாமா பக்கத்தில் வந்து நின்றார். அம்மாவின் தம்பி, சிமெண்டு லாரி ஓட்டுகிறவர். மழையில் வைப்பர் கெட்டுப்போனால் முன்கண்ணாடியில் புகையிலையைத் தேய்ப்போம், தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் வழிந்துவிடும் என்று சொல்லி மடியிலிருந்து பொட்டலத்தை எடுத்தார். அப்பாவோடு பிறந்த அத்தைக்குக் கோபம். செத்தவர் முகத்துக்கு மேலே புகையிலையா என்றாள். மாமாவின் கை அப்படியே நின்றது. அதுவரை யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருந்த அம்மா நிமிர்ந்தாள்.

"தேய்டா தம்பி. பெரியவன் மொகத்தப் பாக்கணும்ல."

இருவருமாகத் தேய்த்தோம். காரம் கண்ணில் ஏறி நீர் வழிந்தது. அதைப் பார்த்து, சின்னவன் இப்போதுதான் அழுகிறான் என்று யாரோ சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. கண்ணாடி தெளிந்தது. அதில் எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

திருச்சியில் விமானத்திலிருந்து இறங்கிய அண்ணன் அதற்கு மறுநாள் காலை பத்து மணிவாக்கில் வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகப் பெட்டிமேல் குனிந்தான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"ஒதட்டோரம் என்னடா இவ்ளோ பெரிய புண்ணு?"

எனக்குத் தெரியவில்லை. அந்த இடத்துக்கு நேர் மேலே இரண்டு நாளாக என் கை போய்வந்துகொண்டிருந்தது. குழாய்க்கு ஒட்டிய பிளாஸ்திரியை எடுக்கும்போது பிய்ந்திருக்கும் என்று மாமாதான் பதில் சொன்னார். நான் அப்போதுதான் குனிந்து அப்பாவைப் பார்த்தேன். அதற்குள் குளிப்பாட்டத் தண்ணீர் வந்துவிட்டது. மூடியைத் திறக்க வேண்டும், கொஞ்சம் நகரு என்றார்கள்.